தோளில் போன வேலாயுதமும் பூட்டிக் கிடந்த லொறியும்

தோட்டத்து லொறியைத் தன் கையால் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி ஓட வைத்தவர் வேலாயுதம். அவருக்கு நெஞ்சு வலித்த காலையில் அந்த லொறி தொழிற்சாலைக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் சாவியைக் கேட்டோம். கொடுக்கவில்லை. போர்வையைக் கம்பில் கட்டி, அதில் அவரைப் படுக்க வைத்து, மூன்று மைல் தூரம் பாலம் வரைக்கும் தோளில் சுமந்து இறக்கினோம். இதுதான் நடந்த அநியாயம். இதை முதலில் எழுதாமல் அவருடைய பெருமையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி சரோஜா தொலைபேசியில் பேசினார். குரலில் அழுகை இல்லை. "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. வேன்காரரு பாலத்துக்கு மேல ஏறமாட்டேங்கிறாரு. ஆளுகள அனுப்புங்க" என்றார். போனதும் தோளில், வந்ததும் தோளில். நேரத்தோடு போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. தெரியாததை எழுதமாட்டேன். இரண்டு மணி நேரம் வழியிலேயே போனது எனக்குத் தெரியும், ஏனென்றால் கம்பின் முன்முனை என் தோளில் இருந்தது.

பசறைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கல்லடுக்குப் பிரிவை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாலத்துக்கு இந்தப் பக்கம் பாதை என்பது கல்லும் பள்ளமும்தான். காரும் வேனும் ஏறாது. உயரமான லொறி ஏறும். கொழுந்து ஏற்றிய அந்தப் பழைய டீசல் லொறி ஒருநாள் கொதித்து நின்றபோது, நிர்வாகம் அதை, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வேறு பாதையால் கொழுந்து எடுக்கத் தொடங்கியது. லொறிக்குள் ஆமணக்கு முளைத்தது. எங்களுக்கு நோய் வந்தால் நடைதான்.

அப்போதிருந்த துரையிடம் வேலாயுதமும் நானும் போனோம். அவர் சிரித்தார். "ஓட வைத்தால் உங்கள் ஆட்களுக்கே ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஓடாது என்ற நம்பிக்கையில் கொடுத்த கையெழுத்து அது. வேலாயுதம் எந்தக் கராஜிலும் வேலை பழகியவர் அல்ல. இருபது வருடம் அந்த லொறியை ஓட்டியவர். அது எங்கே முனகும், எங்கே இருமும் என்று அறிந்தவர்.

ஓயில் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய ஓயில், தண்ணீர் கலந்து வெளுத்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "வண்டிக்குப் பால் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தது யாருங்க?" என்று கேட்டார். என்ஜினின் மேல்மூடியை நாலு பேர் சேர்ந்து தூக்கி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். அன்று முதல் அவருடைய வீட்டு முகப்புத்தான் கராஜ். வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்வரை அங்கேயே குந்தியிருப்பார்.

அந்த மூடிக்குள் வால்வுகள் எட்டு. ஒவ்வொன்றையும் அதனதன் குழியில் வைத்து, அரைக்கும் பசை தடவி, ரப்பர் பொருத்திய குச்சியால் மத்துக் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்குள் உருட்டுவார். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார். ஒரு சொட்டுக் கசிந்தாலும் மறுபடி உருட்டல். யாராவது எப்போது முடியும் என்று கேட்டால், "அவசரப்படுறவங்க பஸ்ல போகலாங்க" என்பார். எங்கள் பிரிவுக்கு பஸ் வந்ததே இல்லை.

எட்டும் முடிந்து, சாக்கின்மேல் வரிசையாக வைத்திருந்தார். தண்ணீர் ஓயிலில் கலக்காமல் மூடிக்கடியில் வைக்கும் புது கேஸ்கட் வாங்க அவர் பதுளைக்குப் போன அன்று ஆயுத பூசை. கோயில் கமிட்டியில் நான் இருந்தேன். கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைக்கிற நாளில் லொறியின் உறுப்புகளை அழுக்காக விடுவதா? சரோஜாவையும் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கழுவித் துடைக்கச் சொன்னேன். சந்தனம், குங்குமம் வைத்து, பெரிய வால்வு நாலும் பின்னால், சின்னது நாலும் முன்னால் என்று அழகாக நிறுத்தினோம்.

வேலாயுதம் வந்தார். பார்த்தார். கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, கொடுத்த அவலைத் தின்று முடித்தார். அப்புறம்தான் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. வரிசய மாத்துனது யாரு?"

"நான்தான். பூசைக்குன்னு ஒரு வரிசை இருக்கு."

"இதுக்கும் ஒண்ணு இருக்குண்ணே. எந்தக் குழியில அரைச்சமோ அங்கதான் அது ஒக்காரும். எடம் மாறினா வாய மூடாது."

"இப்ப என்னா செய்யிறது?"

"திரும்ப எட்டையும் அரைக்கணும். வாய மூடாத ஆளு இந்தத் தோட்டத்துக்கு நீங்க ஒருத்தரு போதும்ணே."

பெண்கள் சிரித்த சிரிப்பு மேல் லயம்வரை கேட்டது. அடுத்த பதினொரு நாளும் அந்தக் குச்சியை என் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து அரைக்க வைத்தார். என் உள்ளங்கை கொப்புளித்தது. மன்னிப்பு நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கமாட்டேன். பூசை போட்டது சரி. கேட்காமல் கை வைத்தது பிழை. அவரும் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வால்வின் தலையிலும் உளியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி குத்தினார். "அடுத்த பூசைக்கு நீங்க எப்புடி வேணும்னாலும் அடுக்குங்க" என்றார். என் பிடிவாதத்துக்கு இடம் விட்டுத் தன் வேலையையும் காத்துக்கொண்ட மனிதர் என் அறிவில் அவர் ஒருவர்தான்.

என்ஜினைப் பூட்டி முடித்த அன்று பிரிவே திரண்டு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துச் சரிவில் லொறியைத் தள்ளியது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. என்ஜின் இரண்டு தடவை உதறிவிட்டு நின்றது. அவர் இறங்கி, டீசல் குழாயின் நட்டைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்தார். மூன்றாம் தள்ளில் பிடித்துக்கொண்டது. கறுத்த புகைக்குள் நின்று கத்தினோம். கோயில்வரை ஒரு சுற்றுப் போகலாம் என்று ஆட்கள் பின்னால் ஏறினார்கள். எல்லாரையும் இறக்கிவிட்டார். சூடேறும்வரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்தார். மறுநாள், ஆறிய என்ஜினின் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி மறுபடி இறுக்கினார். "ஓடுறது பெருசில்லங்க. போன எடத்துலருந்து திரும்ப வரணும்" என்றார்.

ஆறு வருடம் அது போய்த் திரும்பி வந்தது. பிரசவம், பாம்புக்கடி, விழுந்து முறிந்த கால். மலையில் குளவி கொட்டிய ஏழு பெண்களை ஏற்றியபோது அவர் கழுத்திலும் குளவி ஒட்டிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டித்தான் அதைத் தட்டிவிட்டார். ஒருவரையும் இழக்கவில்லை.

பிறகு புதிய துரை வந்தார். கம்பனியின் சொத்து, காப்புறுதி இல்லை என்று சொல்லி லொறியைக் கொட்டகையில் ஏற்றிப் பூட்டினார். பழைய துரையின் தாளை நீட்டினேன். அது செல்லாது என்றார். காப்புறுதி எடுக்க வழி கேட்டோம், பதில் இல்லை. வேலாயுதம் சனிக்கிழமை தோறும் தொழிற்சாலை வாசலுக்குப் போய், "ஓட்டக் கேக்கலைங்க. பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். சும்மா நின்னா எறுகிப் போயிரும்" என்று கேட்டார். முதலில் விட்டார்கள். பிறகு அதையும் நிறுத்தினார்கள். பூட்டை உடைப்போம் என்றேன். "ஒடச்சா நம்மளத் திருடன்னு சொல்லுவாங்க. கேட்டே வாங்குவோம்ணே" என்றார். அவர் சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளாதது இது ஒன்றுதான். ஆனாலும் அதைத்தான் இன்று கைக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேட்கும் பொறுமை. என் குணத்துக்கு அது பெரிய பாரம்.

ஆகவே கேட்கிறேன். துரை சாவியைப் பிரிவின் கையில் கொடுக்க வேண்டும். காப்புறுதிக்கும் அனுமதிக்கும் வேண்டிய கடிதங்களில் கம்பனி கையெழுத்திட வேண்டும். அவருக்கு மாலை போட வந்த தொழிற்சங்கத் தலைவர்கள், மாலையோடு திரும்பாமல் துரையின் அலுவலகத்துக்கும் ஏற வேண்டும். பாலத்திலிருந்து மேலே உள்ள பாதையைப் பிரதேச சபை செப்பனிட வேண்டும். தோட்டத்துப் பாதை, எங்கள் பொறுப்பில்லை என்று கைகாட்டியது போதும். சாவி வந்ததும் யாரும் அவசரப்பட்டு இயக்கக் கூடாது. வேலாயுதத்தின் மைத்துனன் தேவராஜ் முதலில் ஓயிலையும் டீசலையும் மாற்ற வேண்டும். சனிக்கிழமை காலை பெரட்டு முடிந்ததும் நான் தொழிற்சாலை வாசலில் நிற்பேன். கல்லடுக்கில் நடக்க முடிந்த ஒவ்வொருவரும் வந்து நிற்க வேண்டும். மூன்றாம் லயத்துப் பவானிக்கு அடுத்த மாதம் பிரசவம். அவளை நாங்கள் கம்பில் கட்டித் தூக்கமாட்டோம்.