நெற்றி வைத்த ரேடியோ

ரேடியோ செய்து விற்கிறவனுக்கு இரண்டு தொல்லை: ஒன்று ஈரம், இன்னொன்று முதல் போட்ட மச்சான். ஏற்காட்டில் எனக்கு இரண்டும் தாராளமாகவே கிடைத்தன. சொந்தக்காரரிடம் பணம் வாங்கித் தொழில் தொடங்கிய புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

எண்பதுகளின் தொடக்கம். ஊருக்குள் ஒண்டிக்கடை என்கிற முக்குக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில், கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன ரேடியோ செய்தோம். பெயர் 'சாரல்'. ஈயம் பற்றவைக்க மல்லிகா என்கிற உள்ளூர்ப் பெண், மற்ற எல்லாவற்றுக்கும் நான். முதல் போட்டவர் என் மனைவியின் அண்ணன்; சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வைகாசியில் வருகிற சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குள் லாபம் கண்ணில் படவில்லையென்றால், கம்பெனியை மூடிவிட்டுக் கொட்டகையை ஒரு லாட்ஜுக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று கெடு வைத்திருந்தார். எனக்கோ அந்தக் கொட்டகையை விட்டால் வேறு உலகம் கிடையாது.

களத்தில் காய்ந்த செட்

மார்கழி மூடுபனியில் ஏற்காட்டில் உப்பு கரையும், தீப்பெட்டி நமுத்துப்போகும். ரேடியோ மட்டும் தப்புமா? செட் கரகரக்கிறது என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர் வந்தார். உள்ளே ஒரே ஈரம். "நாளைக்கு வெயில் வந்தா கொஞ்ச நேரம் காய வெய்யுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

மனுஷர் சொன்னபடியே செய்தார். எஸ்டேட்டில் நல்ல வெயில் விழுகிற இடம் காப்பி காயப்போடுகிற களம் ஒன்றுதான். கொட்டைகளுக்கு நடுவில் செட்டை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். களத்துப் பெண்கள் காப்பியைப் பலகையால் தள்ளித் திருப்பிப் போடும்போதெல்லாம், ஓரவஞ்சனை பார்க்காமல் ரேடியோவையும் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உடம்பெல்லாம் கீறலோடு திரும்பி வந்தது. ஆனால் திருகியதும் கணீரென்று பாடியது! என் கைவேலை இந்த அடியையும் தாங்கிவிட்டதே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ரைட்டர் சொன்னார்:

"செட்டு நல்லாக் காஞ்சிருச்சுங்க. நான் போறதுக்கு இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா, மூட்டையில கட்டி வித்தே இருப்பாங்க."

ஏரிக்கரையில் ஒரு மெட்ராஸ்காரர்

குரங்குக் குல்லாய் போட்ட ஒரு மெட்ராஸ்காரர் ஏரிக்கரையில் தன்னுடைய வெளிநாட்டுச் செட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரைச்சலைத் தவிர அதில் ஒன்றும் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, 'சாரலை' மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பினேன். செய்தி தெளிவாகக் கேட்டது. மலைக்கு அந்தப்புறம் இருக்கிற ஸ்டேஷனை எட்டிப் பிடிக்கவென்றே உள்ளே ஏரியலை நீளமாகப் போட்டிருந்தேன். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது எங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"எந்த நாட்டுச் செட்?" என்றார். "ஒண்டிக்கடை" என்றேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவர் கேட்டது:

"ஏற்காட்டுல ஆரஞ்சு விளையும்னு தெரியும் சார். ரேடியோவும் விளையுதா?"

தொண்டை கட்டியது

சந்தோஷம் நிலைக்கவில்லை. மாசி பிறந்ததும், மலைக் கிராமங்களில் விற்ற செட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி: தொண்டை கட்டிக்கொண்டது போல ஒரு கம்மல். ஸ்பீக்கர் அனுப்பியவரைப் போனில் பிடித்துக் கத்தினேன். மச்சான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். அது கத்துவதைவிட மோசம்.

பலாவும் ஆரஞ்சும் பயிரிட்டு விற்கிற வெள்ளையம்மா தன் செட்டைக் கொண்டுவந்த அன்றுதான் விஷயம் பிடிபட்டது. மல்லிகா முன்பக்கத் தகட்டைக் கழற்றினாள். ஸ்பீக்கர் காகிதம் முழுக்கச் சந்தனம், அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்த பொட்டு தகட்டின் ஓட்டை வழியாக இறங்கிக் கெட்டியாக அப்பிக் கிடந்தது. "எதுக்கும்மா இதுக்குப் போய்ப் பொட்டு?" என்றேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்:

"ஏனுங்க, ஊட்டுக்கு வந்த சாமானத்த மூளியா வெச்சிருக்கறதுங்களா? தராசுக்கு வெக்கறோம், மம்பட்டிக்கு வெக்கறோம். இது பாடவே செய்யுது!"

ஓட்டை இல்லாத இடம்

வேறு கம்பெனியாக இருந்தால் 'பொட்டு வைக்காதீர்' என்று அச்சடித்து ஒட்டியிருக்கும். நான் சேலத்துக்கு பஸ் ஏறி, தகடு அடிக்கிற பட்டறையில் போய் நின்றேன். முன்பக்கம் முழுக்க இருந்த ஓட்டைகளைக் கீழ்ப்பாதியோடு நிறுத்தச் சொல்லி, ஸ்பீக்கரையும் கீழே இறக்கினேன். மேலே மழமழவென்று மூன்று விரல் அகலத்துக்கு வெறும் இடம். இந்த யோசனை முழுக்க என்னுடையது. பங்கு கேட்டு யாரும் வர வேண்டாம். "இப்பத்தானுங்க இதுக்கு நெத்தி வந்திருக்குது" என்றாள் மல்லிகா.

திரும்பி வந்த செட்டுகளுக்கும் புது முகம் போட்டுக் கொடுத்தோம். திருவிழா நெருங்க, லாட்ஜ்காரர் வந்து கொட்டகையை அளந்துவிட்டுப் போனார். மச்சான் தகட்டைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:

"ஊர்ல எல்லாரும் டேப் ரிக்கார்டருக்குப் போயிட்டாங்க மாப்ள. நீங்க பொட்டுக்கு எடம் விட்டுட்டு இருக்கறீங்க."

திருவிழா

கோயிலுக்குப் போகிற வழியில் தார்ப்பாயை விரித்துக் கடை போட்டோம். ஜீப்பில் வந்து இறங்கியவர்கள் விலை கேட்டார்கள், போனார்கள். கூவிக் கூவித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கொட்டகைச் சாவியை வாங்கிப் போக வந்த மச்சான், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது வெள்ளையம்மா சாமி இருக்கிற குகையிலிருந்து வெளியே வந்தார். கையில் அவருடைய 'சாரல்', அதன் நெற்றியில் பூசாரி கொடுத்த ஈரச் சந்தனம், முழுச் சத்தத்தில் நாதசுரம். கம்மல் துளி இல்லை. அதன்பிறகு நான் கூவவே வேண்டியிருக்கவில்லை. கேட்டுவிட்டுப் போனவர்களே திரும்பி வந்தார்கள். வாங்கிய செட்டோடு வரிசையில் நின்று சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார்கள். நின்ற மச்சான் உட்கார்ந்தார், பேட்டரி எடுத்துக் கொடுத்தார், பிறகு என்னைவிடச் சத்தமாகக் கூவினார்.

சாயங்காலம் தார்ப்பாயில் எதுவும் மிச்சமில்லை, பாட்டுக் காட்ட வைத்திருந்த ஒரு செட்டைத் தவிர. தூரத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் அதையாவது கொடுங்கள் என்று கெஞ்சினார். நான் எடுத்து நீட்டினேன். மச்சான் வெடுக்கென்று பிடுங்கி, வேட்டி மடிப்பில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். வந்தவரிடம் சொன்னார்:

"இது கம்பெனி செட்டுங்க, குடுக்க முடியாது. அடுத்த வருசத் திருவிழாவுக்குச் செய்ய மாதிரி வேணுமில்லீங்களா?"

மற்ற கம்பெனிகள் ரேடியோவுக்குள் என்னென்னவோ வைத்து முன்னுக்கு வந்தன. நாங்கள் வந்தது, ஒன்றும் வைக்காமல் விட்ட மூன்று விரல் இடத்தால்.