ஆட்டுக்கறியில் படித்த தசைப்பாடம்

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கீழே டயர் கடை, மாடியில் எங்கள் இன்ஸ்டிட்யூட். முதல் வருடத்தில் எங்களை ஆட்டிப் படைத்தது ஸ்பாட்டர் பரீட்சை. பத்து மைக்ராஸ்கோப்பை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடு. ஒரு நிமிடம் பார்த்து, இது உடம்பின் எந்தத் திசு, எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்று எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேஜை. யோசித்துக்கொண்டு நின்றால் பின்னால் வருகிறவள் முட்டுவாள்.

ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது. ஆனால் மூளை இருக்கிறது என்று ஒரு திமிர் இருந்தது. எங்கள் லேபில் இருந்த ஸ்லைடுகள் எல்லாம் அரதப்பழசு. பெயர் எழுதிய பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருப்பார்கள். பெயரை மறைக்கலாம், கீறலை மறைக்க முடியுமா? மூலை உடைந்தது இதயத் தசை. நடுவில் காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டது குடலின் மென்தசை. ஓரமாக மஞ்சள் கறை படிந்தது எலும்போடு ஒட்டியிருக்கும் வரித்தசை. இப்படி ஐம்பது ஸ்லைடுக்கும் அடையாளம் கண்டு ஒரு பட்டியல் போட்டேன். வகுப்பே அதைக் கேட்டு வாங்கிக் காப்பி எடுத்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் என் அறைத்தோழி. வேடந்தாங்கல் பக்கத்தில் ஒரு கிராமம். ஏரிப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம். அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். பறவை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை வேடந்தாங்கலில் ஏற்றி மாமல்லபுரத்தில் இறக்கிவிடும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கும் அண்ணனுக்கும் ஓர் ஒப்பந்தம். முதல் வருடம் எதிலும் பெயில் ஆகக் கூடாது. பெயிலானால் படிப்பு அதோடு சரி, மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாமா மகனைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "நல்லவன்தான்டி. ஆனா எனக்கு வாணாம்."

பரீட்சைக்கு நான்கு நாள் இருந்தபோது லேபைப் பெருக்கித் துடைக்கிற அக்கா சாவகாசமாக ஒரு செய்தி சொன்னாள். "பழைய டப்பாவ எல்லாம் கட்டி மேல போட்டாச்சும்மா. புதுசு வந்துகீது. பளபளன்னு கீது."

புது ஸ்லைடில் கீறல் ஏது, கறை ஏது? வகுப்பில் மற்றவர்கள் என்னை வாயார வைதுவிட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் தோழி வையவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். "உன்ன நம்பி நான் அந்தக் குழாயில கண்ணே வெக்கலயே," என்றாள். வைதிருந்தால் தேவலை என்றிருந்தது. நான் பெயிலானால் எங்கள் வீட்டில் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவள் பெயிலானால் அவள் வாழ்க்கையே வேறு பக்கம் போய்விடும். செய்த வேலை என்னுடையது.

புத்தகத்தைப் பிரித்தேன். தசை மூன்று வகை. முதலாவது நாம் சொன்னால் கேட்பது, கை கால்களில் இருப்பது. இரண்டாவது இதயத்தில் மட்டும் இருப்பது. மூன்றாவது குடல், ரத்தக்குழாய், கருப்பை இங்கெல்லாம் நம்மைக் கேட்காமலே வேலை பார்ப்பது. நான் வாசித்துக்கொண்டே போனேன். அவள் பாதியில் நிறுத்தினாள்.

"இரு இரு. தொடை, இதயம், குடல். அவ்ளோதானே? இது மூணும் கறிக்கடையில தொங்குதுடி!"

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில், கோயிலை ஒட்டிய தெரு. முட்டை என்ற சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொல்லும் குடும்பம். அந்த நான் மறுநாள் காலை மார்க்கெட்டில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கறிக்கடைமுன் நின்றேன். தோழி ஒரு துண்டு தொடைக்கறி, ஒரு இதயம், ஒரு சாண் குடல் கேட்டாள்.

"ஒரு சாண் குடலா? இன்னாமா, பூனைக்கா?" என்றார் கடைக்காரர்.

"பரீட்சைக்கு, அண்ணாத்த."

"அடப்பாவிங்களா, கறிக்குக் கூடப் பரீட்சை வச்சிட்டானுங்களா!" என்று வெட்டுக்கட்டையில் கத்தியை ஓங்கிப் போட்டார்.

மத்தியானம் லேப் சார் சாப்பிடப் போனதும், அந்தப் பெருக்குகிற அக்கா ஒரு மைக்ராஸ்கோப்பை எங்களுக்கு விட்டுக்கொடுத்தாள். தோழி தொடைக்கறியிலிருந்து மயிரிழை அளவுக்கு ஊசியால் பிய்த்து, கண்ணாடியில் உப்புத் தண்ணீர் விட்டுப் பரப்பினாள். கண்ணை வைத்தவள் கத்தியே விட்டாள். "ஏய், கோடு கோடா கீதுடி!" நீண்ட நார், அதன் குறுக்கே நெருக்கமான வரிகள். நீலச்சாயம் ஒரு சொட்டு விட்டதும் ஒரே நாரில் பல உட்கருக்கள், எல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. அந்த வரிகளை உண்டாக்கும் மெல்லிய இழைகள்தான் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கித் தசையைச் சுருக்குகின்றன என்று ஜன்னலோரம் தள்ளி நின்று நான் புத்தகத்தை வாசித்தேன்.

இதயம் அத்தனை சுலபமாகப் பிய்ந்து வரவில்லை. "ஒண்ண இழுத்தா ஊரே வருது," என்று சலித்துக்கொண்டாள். அதுதான் விஷயம். இதயத் தசையின் நார்கள் கிளை விட்டு, பக்கத்து நாரோடு கை கோத்திருக்கும். அதிலும் வரி உண்டு, ஆனால் உட்கரு நடுவில். ஒரு செல் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் குறுக்கே ஒரு தட்டு. அது வழியாகத் தகவல் தாவுவதால்தான் அத்தனையும் ஒன்றாகத் துடிக்கின்றன. குடலில் உரித்த படலத்தில் வரியே இல்லை. இரண்டு பக்கமும் கூராக, நடுவில் பருத்த சின்னச் செல்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே உட்கரு. அவசரப்படாமல், சுலபத்தில் களைக்காமல் வேலை பார்க்கிற ஜாதி.

அவள் அதோடு விடவில்லை. தொடைக்கறியைக் குறுக்காகவும் பிளேடால் சீவினாள். "இங்க வந்து பாரேன், வட்டம் வட்டமா தெரியுது," என்று கூப்பிட்டாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. "நீயே பார்த்துச் சொல்லு," என்றேன். மூன்று நாளும் இதே கதை. அவள் கண்ணால் படித்தாள், நான் வாயால் படித்தேன். சாயம் படாத மிச்சத்தை அவள் அறையில் மிளகு போட்டு வறுத்தாள். நான் தயிர்சாதக் கிண்ணத்தோடு மொட்டைமாடிக்கு ஓடினேன்.

பரீட்சையன்று காலை நான்கு தடவை கழிப்பறைக்கு ஓடினேன். மென்தசை நம் அனுமதி கேட்காது என்று புத்தகத்தில் போட்டிருந்தது நூற்றுக்கு நூறு உண்மை.

வரிசையில் அவள் எனக்கு முன்னால். மூன்றாவது மேஜையில் நான் குனிந்தபோது இளஞ்சிவப்பில் வட்டங்கள் கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. வரி இல்லை. வரி இல்லாவிட்டால் மென்தசை என்றுதானே புத்தகம் சொன்னது? மென்தசை என்று எழுதினேன். மணி அடித்தது. அதே தப்பை வேறு முகத்தோடு இன்னும் நாலு மேஜையில் செய்தேன். வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "மூணாவது தொடைக்கறிதானே? குறுக்கால சீவினது. உட்கரு எல்லாம் ஓரமா இருந்துச்சே."

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். இதயம் ஏன் களைப்பதில்லை என்று அவளைக் கேட்டார். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவில் அது கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்கிறது, ரத்தமும் குறையாமல் வந்துகொண்டே இருக்கிறது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். எங்கே படித்தாய் என்றார். "கறிக்கடையில மேடம்." அவர் சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது. என் முறையில், இதயத் தசையில் செல்கள் சேருகிற குறுக்குத் தட்டைப் பற்றிக் கேட்டார். முழுப் பத்தியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் ஒரு ஸ்லைடை நீட்டி, "இதுல எங்க இருக்கு, காட்டும்மா," என்றார். எனக்குக் காட்டத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து முடிவைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டினார்கள். அன்றைக்கென்று அவள் அண்ணன் வேனோடு வந்துவிட்டார். பாஸோ பெயிலோ லீவுக்கு வீட்டுக்கு வரத்தானே வேண்டும் என்று எங்கள் அறையிலிருந்து அவள் பையை இறக்கிக்கொண்டே வந்திருந்தார். அவள் கதவுப் பக்கம் போகவில்லை, டயர் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். நான்தான் படியேறிப் போய்ப் பார்த்தேன். அவள் எண் இருந்தது. இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன், இருந்தது. என் எண் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்தவள் எண் இருந்தது.

"பாஸ்!" என்று படியிலிருந்தே கத்தினேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் அவளைக் கைப்பிடித்துத் தூக்கினார். "சரி வுடு, மாமா கிட்ட நான் பேசிக்கிறேன். நீ படி." பிறகு என்னைப் பார்த்தார். "நீ இன்னா ஆன தங்கச்சி?"

"பெயில்ணா," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அவளைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது.

அண்ணன் வேன் கதவைத் திறந்து பையை வைத்தார். அவள் ஏறவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் வர்ல," என்றாள்.

"இன்னாத்துக்கு? அதான் பாஸாயிட்டியே. இங்க உனக்கு இன்னா வேல?"

"இவளுக்கு அடுத்த மாசம் திரும்பப் பரீட்சை. நான் வந்துட்டா இவ மறுபடியும் வாயாலதான் படிப்பா."

ஊருக்குத் திரும்பிப் போக வேண்டி வருமோ என்று வருடம் முழுக்கப் பயந்தவள், லீவுக்குக்கூடப் போகவில்லை. அண்ணன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு எங்கள் அறைப் பக்கம் நடந்தார்.