ஏழு ராத்தல்

எழுத்து எனக்குப் பழகாத வேலை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதன்பிறகு நான் எழுதியதெல்லாம் ரப்பர் கட்டுகளின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட எடைக் கணக்குதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் காப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரிவு கீழே இறங்கினால் எதிராளி சின்ன ஆளாகிவிடுவான், சுலபமாக அடித்துவிடலாம் என்றார் ஒருவர். அது அப்படியில்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்தோரு வயது. அப்பா அம்மா இல்லை. மலாக்காவில், காஜா பேராங்கில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், ரப்பர் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்தேன். சாயங்காலமானால் குத்துச்சண்டைக் கொட்டகைக்குப் போவேன். தகரக் கூரை, மண் தரை, நடுவில் கயிறு கட்டிய ஒரு சதுரம். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர்தான் எங்களுக்கு மாஸ்டர்.

அங்கேதான் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். கொட்டகையில் மட்டுமல்ல, ஊரிலேயே அவன் ஒருவன்தான். பக்கத்திலிருந்த சிட்டிக் கம்பத்துக்காரன்; பல தலைமுறைக்கு முன் வந்து மலாய்ப் பெண்களைக் கட்டிய தமிழ் வியாபாரிகளின் வம்சம். நாங்கள் கும்பிடும் அதே மாரியம்மனைத்தான் கும்பிடுவான், ஆனால் தமிழ் வராது. அவர்கள் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். என்னுடையதோ சந்தை மலாய். அதிகம் பேச முடியாததே எனக்குச் சௌகரியமாக இருந்தது. பயிற்சி முடிந்ததும் அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கடற்கரைக்குப் போவேன். வேர்க்கடலை தின்போம். திரும்பி வருவோம். அவ்வளவுதான். ஆனாலும் காலையிலிருந்து அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன்.

அந்த வருஷம் கோலாலம்பூரில் ஒரு போட்டி வைத்தார்கள். மலாக்காவிலிருந்து எடைப் பிரிவுக்கு ஓர் ஆளைத்தான் அனுப்புவார்கள். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்க முதலில் உள்ளூரில் மோத வேண்டும். நானும் அவனும் ஒரே பிரிவு: பெதர், நூற்று இருபத்தாறு ராத்தல். எங்கள் இரண்டு பேரையும்தான் எதிரெதிரே நிறுத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தாலும் தோற்றாலும் அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் எப்படி உட்காருவது என்று நான் யோசித்தேன். கீழே இருந்த பாண்டம் பிரிவுக்கு நூற்றுப் பத்தொன்பது ராத்தல். ஏழு ராத்தல் இறங்கினால் நான் ஒரு பிரிவில், அவன் ஒரு பிரிவில். இரண்டு பேரும் ஒரே லாரியில் கோலாலம்பூர் போகலாம்.

மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒப்பவில்லை. என் உடம்பில் கொழுப்பு மூன்று நாலு ராத்தலுக்கு மேல் இல்லை, மீதியைத் தண்ணீரிலிருந்துதான் எடுக்க வேண்டும், தண்ணீர் போனால் கால் போய்விடும் என்றார். நான் விடாமல் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் அப்படிக் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். கடைசியில் சரியென்றார். சிநேகிதனிடம் மட்டும், மாஸ்டர்தான் என்னை இறங்கச் சொன்னார் என்று சொல்லிவைத்தேன்.

வீட்டில் வேறு சிக்கல். அண்ணன் வீட்டில் இருக்கிற தம்பி சோற்றை ஒதுக்கினால் அது அண்ணியோடு சண்டை என்று அர்த்தம். அண்ணி நல்லவர். அவர் மனம் நோகக்கூடாதென்று, மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், மூன்று வாரம் ஒரு பொழுதுதான், சாயங்காலம் சாமி கும்பிட்ட பிறகு சைவச் சாப்பாடு மட்டும் என்று சொல்லிவிட்டேன். அண்ணி எதற்கு வேண்டுதல் என்று கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வீட்டுக்குள் மீனே வரவில்லை. அவரும் என்னோடு ஒரு பொழுது இருக்க ஆரம்பித்தார். இப்படி ஆகுமென்று நான் நினைக்கவில்லை. அதற்குமேல் உண்மையைச் சொல்லவும் வழியில்லை.

தினமும் வேலை முடிந்ததும் கிடங்குத் தராசில் ஏறிப் பார்ப்பேன். முதல் நாலு ராத்தல் பத்து நாளில் போனது. அடுத்த ஒரு வாரம் அந்த எடையில் நான் இருந்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. கால் தரையில் ஒட்டவில்லை. கை நினைத்த இடத்துக்குப் போனது. மாஸ்டர்கூட ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் நூற்று இருபத்திரண்டுக்கு ஒரு பிரிவு கிடையாது.

மிச்சம் மூன்று ராத்தல் கடைசி மூன்று நாளில் போனது. வெயிலில் கம்பளிச் சட்டையோடு ஓடினேன். வாயைக் கொப்பளித்துத் துப்பினேனே தவிரத் தண்ணீர் குடிக்கவில்லை. தவுக்கே தன் பாணித் தமிழில், "நீ ஈர ரப்பர் மாதிரி ஆய்ட்டே லா. காத்துல வச்சா கொறையுது. நா வாங்க மாட்டேன்," என்று சிரித்தார். கிடங்கில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க உதடு பிரியவில்லை. வெடித்திருந்தது.

உள்ளூர்ப் போட்டியன்று காலை எட்டு மணிக்கு எடை பார்த்தார்கள். நூற்றுப் பதினெட்டரை. மாஸ்டர் என் தோளைத் தட்டினார். சண்டை சாயங்காலம் ஐந்து மணிக்கு. இடையில் இருக்கும் நேரத்தில் போன தண்ணீரையும் தெம்பையும் உடம்புக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்காகவே வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் ஆட்டுக்கால் சூப்பும், அரைவேக்காட்டு முட்டை ஆறும் கொண்டுவந்திருந்தார். சிநேகிதன் மூடியைத் திறந்து எனக்கு ஊற்றத் தொடங்கினான்.

அப்போது அண்ணன் வந்தார். அதுவரை நான் சண்டை போட்டு அவர் பார்த்ததில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, கையில் ஒரு பையோடு வந்திருந்தார். ஒரு செம்புப் பால், இரண்டு வாழைப்பழம்.

"ஒங்கண்ணி குடுத்துவிட்டா. இன்னையோட வெரதம் முடியுது, இம்புட்டு நாள் இருந்துட்டு கடைசி நாள்ல முறிச்சிடாதேன்னு சொன்னா," என்றார்.

பிறகு சூப்பைப் பார்த்தார். மாஸ்டர் என்னைப் பார்த்தார். சிநேகிதன் கிண்ணத்தை நீட்டியபடி நின்றான். வீட்டில் அண்ணியும் அந்நேரம் பட்டினியாகத்தான் இருப்பார். நான் பாலைக் குடித்துப் பழத்தைத் தின்றேன். அண்ணன் சாயங்காலம்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்தேன். அது வயிற்றில் கிடந்து குலுங்கியது, உடம்பில் சேரவில்லை.

கடலோரத் திடலில் மேடை போட்டிருந்தார்கள். எதிராளி என் மூக்கு உயரம்தான். முதல் சுற்றில் என் கை நீளம் அவனுக்குப் பிடிபடவில்லை. தூரத்தில் நிறுத்தியே இடது கையால் குத்திக்கொண்டிருந்தேன். ஆனால் குத்து விழுந்த இடத்தில் அவன் அசையவில்லை. ஏழு ராத்தலோடு குத்தின் கனமும் போயிருந்தது. இரண்டாம் சுற்றில் கால் நின்றுவிட்டது. அவன் கை வருவது தெரிந்தது. விலக வேண்டும் என்றும் தெரிந்தது. உடம்பு கொஞ்சம் தாமதமாகக் கேட்டது. கையுறை இரண்டும் செங்கல்போல இழுத்தன. மூன்றாம் சுற்றில் ஒரு முழங்கால் தரையில் பட்டது. எழுந்துவிட்டேன். நான் தோற்றேன் என்று சொல்ல நடுவர்களுக்கு நேரமாகவில்லை.

சிநேகிதனுக்கு அன்று வேறோர் ஊர்க்காரன் எதிராளி. ஜெயித்தான். கையுறையைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்தான். அப்போது மாஸ்டர் என் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம். அவனுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, மலாயிலேயே சொன்னார்: நான் வேண்டாமென்றுதான் சொன்னேன், இவன்தான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இறங்கினான்.

சிநேகிதன் என் பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகத்தான் கேட்டான்.

"லு பிக்கிர் குவா தாக் போலே லாவான் லு கா?"

உன்னோடு மோத என்னால் முடியாது என்று நினைத்துவிட்டாயா என்று கேட்கிறான். அப்படியில்லை. ஆனால் எப்படி என்று சொல்ல என் சந்தை மலாயில் வார்த்தை இல்லை. தமிழிலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஊர் முழுவதும் அவனைப் பார்த்து, சிநேகிதன் விட்டுக்கொடுத்த இடத்தில் ஜெயித்தவன் என்று சொல்லும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரம் பட்டினி கிடந்து இதைத்தான் அவனுக்குக் கொடுத்திருந்தேன். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஆட்டலை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ தெரியாது. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

அண்ணனும் நானும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். அண்ணி குளித்துவிட்டு, வடை பாயசத்தோடு இலை போட்டுக் காத்திருந்தார். நான் சாப்பிட்ட பிறகுதான் அவர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போல் கிடங்குக்குப் போனேன். தராசில் ஏறிப் பார்த்தேன். நூற்று இருபத்து நாலு ராத்தல் காட்டியது. சாயங்காலம் கொட்டகைக்குப் போகவில்லை. அண்ணியோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய் அபிஷேகத்துக்குப் பால் கொடுத்துவிட்டு வந்தேன்.