பேர் சொல்லிக் கூப்பிட்டால்

வல்லாஹி, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் என் ஸ்பீக்கர் பெட்டிகளைக் கரையான் தின்னட்டும். பாதியை ஏற்கெனவே தின்றுவிட்டது, அது வேறு கதை. லவுட்ஸ்பீக்கர் வாடகைத் தொழிலில், சத்தம் எங்கே போகிறது என்று நாம் பார்ப்பதே இல்லை. திரும்பி வரும்போதுதான் பயப்படுகிறோம். மைக்கோடு மாரடிக்கிற சகோதரர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

லண்டன் மருமகள்

போன வருஷம் எங்கள் ஊர் கனமூலைக்கு லண்டனிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். அவள் உம்மா எனக்குத் தூரத்துத் தங்கச்சி முறை. பிள்ளை அங்கே ராப் பாடுகிறவள். தாளத்தின் மேல் ஏறி நின்று கதைப்பதற்குத்தான் அந்தப் பேர். ஹிப் ஹொப் மேடைகளில் ஆம்பிளைப் பிள்ளைகளை வாயடைக்க வைத்து வந்தவளாம்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் "எங்க இருக்கீங்க?" என்று கேட்க, கூட்டம் "இங்க!" என்று கத்த வேண்டும். கடைசி மேடையில் அவள் கேட்டபோது ஒருவரும் கத்தவில்லை. இன்னும் ஒரே ஒரு அல்பம், அதுவும் விழுந்தால் கம்பனி கைவிட்டுவிடும். அதனால் உம்மாவின் ஊர்ப் பக்கத்துச் சனத்தின் குரலைப் பதிய வந்திருந்தாள்.

"கூட்டம் பதில் சொல்லாட்டி நான் ராப்பர் இல்ல, மாமா. தனிய நிண்டு கதைக்கிற பைத்தியம்."

வாய் திறக்காத உச்சமுனை

அவளுக்குக் கடல்காற்றும் வேண்டுமாம். ஜெனரேட்டரை வள்ளத்தில் ஏற்றி உச்சமுனைத் தீவுக்குப் போனோம். வெயில் தணிந்ததும் தீவே வந்து குந்தியது. என்ன மாதிரிக் கதைத்தாள் தெரியுமா? களப்பின் உப்புத் தண்ணீரில் நின்ற கொக்குக்கூடக் கால் மாற்றித் தாளம் போட்டது. பிறகு மைக்கை நீட்டி, "எங்க இருக்கீங்க?" என்றாள். ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால், வள்ளமோ மனிதரோ இல்லாத களப்பிலிருந்து மெதுவாக வந்தது: "இங்க."

எதிரொலி கேள்வியைத்தான் திருப்பித் தரும், பதில் தராது. வயர் பிடித்து உதவிய, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற மீன்பிடிகாரர் அந்தோனியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தண்ணிக் கரையில பேர் சொல்லாமக் கூப்பிட்டா நாங்க பதில் குடுக்கிறல்ல, நானா. ஆரைக் கூப்பிடுது எண்டு தெரியாதே."

கேட்டது யார்?

"அப்ப பேர் சொன்னாப் பதில் சொல்லலாமா, மாமா?" என்று கேட்டாள். "ஓம் மகள், சொல்லலாம்" என்றேன். மறுநாள் காலை வீடு வீடாகப் போய்ப் பேர் கேட்டு வந்தாள். பின்னேரம் "அந்தோனி, எங்க இருக்கீங்க?" என்றதும் மனிதர் துள்ளி எழும்பி "இங்க!" என்றார். பிறகு தீவே கத்தியது. அவள் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு பொம்பிளைக் குரல், "ஒன்ட பேரென்ன, புள்ள?" என்றது.

மேடைப் பேரைச் சொல்லியிருக்கலாம். சிரித்தபடி, உம்மா மட்டும் கூப்பிடுகிற வீட்டுப் பேரைச் சொன்னாள்: "சுபைதா."

கேட்டது யாரென்று பார்த்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தோனி சுருட்டிய வயரைக் கீழே வைத்தார்.

"பொம்பிளயள் எல்லாரும் முன்னுக்குத்தான் இருந்தாங்க, நானா. கேட்டது புள்ளட முதுகுப் பக்கம்."

லண்டன் அழைப்பு

அல்பம் நன்றாக ஓடியதாம். மேடை மேல் மேடை கிடைத்ததாம். போன கிழமை போன் எடுத்தாள். இப்போது அவள் வாய் திறக்குமுன்பே பின்னாலிருந்து யாரோ "சுபைதா, எங்க இருக்கிற?" என்று கேட்கிறார்களாம். மேடையில் மட்டுமல்ல, குளிக்கத் தண்ணீரைத் திறந்தாலும் கேட்கிறதாம். "திரும்பிப் பார்க்காத மகள், பதில் சொல்லாத" என்றேன். அவள் பக்கத்தில் எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பேர் சொல்லித்தானே கூப்பிடுது, மாமா. பேர் சொன்னாச் சொல்லலாம் எண்டு நீங்கதானே சொன்னீங்க? நேத்து சொல்லிட்டன்."

அன்றிலிருந்து என் பெட்டிகள் கரண்ட் இல்லாமலே, பின்னேரமானால் அவள் குரலில் "இங்க" என்கின்றன. ஆகவே சகோதரர்களே, இதைச் சொன்னது யாரென்று ஒருவருக்கும் சொல்லாதீர்கள், சொன்னாலும் தண்ணிக் கரையில் மட்டும் என் பேரை எடுத்துவிடாதீர்கள்.