ஒரு வரி தவறிய பட்டியல்

இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. விண்மீன் திரள்கள் எப்படி உருவாகி வளர்ந்தன என்று ஆராயும் மாணவர் பயிற்சிக்குக் கோப்பாயிலிருந்து சைக்கிளில் போய்வந்தேன். தொலைநோக்கிப் படங்களைப் பார்த்து, ஒவ்வொரு திரளும் சுருளா நீள்வட்டமா என்று நானும் மயிலிட்டியிலிருந்து பயிற்சிக்கு வந்த துஷாந்தியும் தனித்தனியே குறிக்க வேண்டும். இரண்டு பட்டியலும் ஒத்துப்போனால்தான் முடிவை நம்பலாம்.

மங்கலான படங்கள் எனக்குச் சலித்துவிட்டன. அவள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், அவளுடைய பட்டியலின் கடைசிப் பகுதியை அப்படியே பார்த்து எழுதினேன். இருவரும் நன்றாக ஒத்துப்போவதாகப் பயிற்சியை நடத்திய சேர் பாராட்டினார்.

முடிவை எல்லா மாணவர் முன்னும் வாசிக்க ஒரு வாரம் இருந்தபோது துஷாந்தி இரண்டு பட்டியலையும் கொண்டுவந்தாள். அவள் கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் ஒரு வரியைத் தவறவிட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒவ்வொரு விடையும் அடுத்த படத்துக்குப் போயிருந்தது. என் பட்டியலிலும் அப்படியே.

"என்ரை பிழையைச் சேரிட்டைச் சொல்லப்போறன்," என்றாள். "உம்மடையை நான் சொல்லமாட்டன். நீர்தான் சொல்லவேணும்."

அவள் குரலில் கோபமே இல்லை. பயிற்சியிலிருந்தே என்னை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். அவள் சொல்லிவிட்டு வந்ததும் நானும் போய்ச் சொன்னேன்.

சேர் இரண்டு பட்டியலையும் வாங்கி ஒதுக்கி வைத்தார். "ரெண்டு பேரும் திருப்பிச் செய்யுங்கோ. இந்தமுறை வேற வேற அறையிலை இருந்து."

இரண்டாம் முறை பல படங்களில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன படங்களின் அந்தக் குறைந்த எண்ணைத்தான் துஷாந்தி எல்லோர் முன்னும் தலைநிமிர்ந்து வாசித்தாள். இந்தமுறை அதில் பாதி உண்மையாகவே என்னுடையது.