தூசுக்கு வாரண்டி கிடையாது

சென்னையிலிருந்து விருத்தாசலத்துக்குத் திரும்பும் ரயிலில் புதுக் கேமரா என் மடியில் இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கூட்டத்தில் யாராவது இடித்துவிட்டால் என்ன செய்வது என்பது அவர் கவலை. நானும் பிரிக்கவில்லை. ஆனால் பெட்டியின் மேலிருந்த படத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா, உள்ளே குழந்தை ஏதும் தூங்குகிறதா என்பதுபோலப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடையில் பில்லோடு கொடுத்த வாரண்டிப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். பொடி எழுத்தைக் கண்டால் மனிதருக்குத் தனி உற்சாகம் வந்துவிடும். சிங்கப்பூரில் இருக்கும் அவர் தம்பி, அங்கிருந்தே இந்தக் கேமராவை வாங்கிவருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றவரும் அவர்தான். அங்கே வாங்கினால் அந்த ஊர் வாரண்டி. இங்கே கெட்டுப்போனால் தொடக்கூட மாட்டார்கள் என்று விசாரித்து வைத்திருந்தார்.

"இன்னா இன்னா கவர் ஆவும்னு கடைக்காரனே சொல்லிடுவான். எதெது ஆவாதுன்னுதான் நாம பாக்கணும்" என்றார்.

பார்த்துச் சொல்லவும் செய்தார். இரண்டு வருஷத்துக்கு உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் இன்னும் ஒரு வருஷம் சேரும். தயாரிப்பில் கோளாறு என்றால் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். கீழே விழுந்தால் கிடையாது. தண்ணீர் புகுந்தால் கிடையாது. மணலோ தூசோ உள்ளே போனால் கிடையாது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். ஏன் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

நான் படம் எடுப்பவள். மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, ஞானஸ்நானம் போன்ற விசேஷங்களுக்குப் பெண்ணே வந்து எடுத்தால் தேவலை என்று நினைப்பவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம், நல்லூர் என்று பஸ் ஏறிப் போய்வந்துகொண்டிருந்தேன். வெளிச்சம் குறைந்தால் அது திணறும். ஆரத்தி சுற்றும் கையைப் படம் எடுத்தால் கை இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருக்கும். இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட் நடத்தும் அம்மா ஒருவர், நவராத்திரிக்கு முன்னால் இணையத்தில் விற்பதற்குப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். அந்த வேலையை நம்பித்தான் துணிந்து பெரிய கேமராவாக வாங்கினோம். அந்த யூனிட்டிலோ காற்றே வெள்ளையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சுத்தமான போர்வையை விரித்துப் பெட்டியைப் பிரித்தேன். கையில் எடுத்தபோது, பார்த்து நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அந்தக் கனம் பிடித்திருந்தது. விரல்கள் தானாகவே போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டன. கண்ணை வைத்துப் பார்த்தால் எங்கள் இருட்டு அறை, நேரில் தெரிந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சீரியல் நம்பரை எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்த அவரைப் பார்த்துக் கேமராவைத் திருப்பினேன். ஃபோகஸ் காட்டும் ஒரு சின்னக் கட்டம் ஓடிப்போய் அவர் கண்ணாடிக்குள்ளிருந்த கண்ணைப் பிடித்தது. அவர் தலையை ஆட்டினார், கட்டமும் ஆடியது. அழுத்தினேன். சத்தமே வரவில்லை.

"எடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சுங்க."

"எப்ப?"

அதற்குள் இன்னும் பத்துப் பதினைந்து எடுத்திருந்தேன். அவர் புருவத்து முடி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலிருந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்கு ஓடி, வானத்தில் வட்டமிட்ட பருந்தைத் துரத்தித் துரத்தி எடுத்தேன். எங்கே பறந்தாலும் கட்டம் அதை விடவில்லை. நான் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட பெண், என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

யூனிட்டுக்குப் போகிற நாள் வந்தது. நான் எதிர்பார்த்தபடியே அவர் வாசலை மறித்தார்.

"அங்க தூசு பூந்துச்சுன்னா வாரண்டி கெடையாது. பழசையே எடுத்துட்டுப் போயேன்."

"வேலைக்குத்தானங்க வாங்குனோம்? பீரோவுல வெச்சுப் பாத்துக்கினு இருக்கவா?"

அவர் உள்ளே போய், தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் கேமராவைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். என்ன ஆனாலும் அங்கே லென்ஸைக் கழற்றக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகே வழிவிட்டார்.

யூனிட்டில் ஒருபக்கம் களிமண் கரைசலை அச்சுகளில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, ஒருமுறை சுட்டெடுத்த வெள்ளைப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு அக்காவுக்குக் கண் எழுதுவது மட்டும்தான் வேலை. அவர் கையிலிருந்த நாட்டியப் பொம்மையை நோக்கிக் கேமராவை வைத்தேன். முகம் வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. கட்டம் அங்கேயும் இங்கேயும் அலைந்து, அக்காவின் வளையலுக்குப் போயிற்று. அக்கா தூரிகையை ஒருமுறை இழுத்து இமையை வரைந்தார். உள்ளே ஒரு புள்ளி வைத்தார். அந்தக் கணமே கட்டம் தாவிவந்து பொம்மையின் கண்ணில் நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேமராவைத் திருப்பி அக்காவுக்குக் காட்டினேன். அவர் இன்னொரு பொம்மையை எடுத்து எழுதினார். மறுபடியும் கட்டம் வந்தது. வேலையை விட்டுவிட்டு எல்லாப் பெண்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மெஷினே நம்புதுன்னா கண்ணு சரியாத்தான் இருக்குது" என்று அக்கா சொன்னார். அன்று அவர் எழுதிய கண் எல்லாவற்றையும் கேமராவிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் தட்டில் வைத்தார்.

சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து, படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைத் துணியின் முன் வைத்து எடுத்த எல்லாப் படத்திலும் வலப்பக்க மேல் மூலையில் மங்கலாக ஒரு கரும்புள்ளி. முதலில் திரையைத் துடைத்தேன். அப்புறம் லென்ஸைத் துடைத்தேன். வேறு லென்ஸ் மாட்டி வீட்டுச் சுவரை எடுத்தேன். புள்ளி அதே இடத்தில் இருந்தது. அப்படியென்றால் அது உள்ளே, வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரில் இருக்கிறது. வாங்கிய வாரமே, அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய் இப்படிச் செய்துவிட்டேனே என்றிருந்தது.

அவரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பாலிசிதாரர் யாரையோ விசாரிப்பதுபோல அமைதியாகக் கேட்டார்.

"அங்க லென்ஸ கயட்டுனியா?"

"இல்லிங்க. சத்தியமா இல்ல."

"அப்ப தூசு எப்படிப் போவும்? அங்க போறதுக்கு முன்ன எடுத்த படத்தக் காட்டு."

மாடியில் எடுத்த பருந்துப் படங்களைத் திறந்தேன். சுத்தமான நீல வானம். வலப்பக்க மேல் மூலையில் அதே புள்ளி, இன்னொரு பருந்து வெகுதூரத்தில் பறப்பதுபோல. அன்று மகிழ்ச்சியில் நான் பறவையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவருடைய கட்சி ஜெயித்தது போன்ற முகம்.

மறுநாளே சென்னைக்கு ரயில் ஏறினோம். சர்வீஸ் சென்டரில் வாதாடுவதற்கு வழிநெடுகத் தயார் செய்துகொண்டு வந்தார். பருந்துப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கையிலும் வைத்திருந்தார். அங்கிருந்த பெண் கேமராவை வாங்கி உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். புள்ளி சென்சாருக்கு மேலே இல்லை, அதை மூடியிருக்கும் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, வெளியிலிருந்து தூசு அங்கே போகவே முடியாது, தயாரிப்பின்போதே சிக்கியது என்றார். வாரண்டியில் சென்சாரையே மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் படத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். தயார் செய்த ஒரு வாக்கியத்தைக்கூட அவர் சொல்ல நேரவில்லை. "இத்தையும் ஒருவாட்டி பாத்துடுங்க மேடம்" என்று கடைசியில் நீட்டினார். அந்தப் பெண் வாங்கிப் பார்த்து, பருந்து நன்றாக இருக்கிறது என்றார். அதில் அவருக்குப் பாதி திருப்தி.

கேமரா திரும்பி வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்ததும் முதல் வேலையாக வானத்தைத்தான் எடுத்தேன். மூலைக்கு மூலை பெரிதாக்கிப் பார்த்தேன். துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது.

பொம்மைகள் இரண்டாம் முறை வெந்து, சூளை திறக்கிற காலையில் யூனிட் அம்மா கூப்பிட்டார். இந்த முறை என் வீட்டுக்காரரும் வந்தார். அந்த வெள்ளைக் காற்றில் நான் எப்படி வேலை செய்கிறேன் என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தட்டுத் தட்டாகப் பொம்மைகள் வெளியே வந்தன. மங்கலாக உள்ளே போன சிவப்பும் பச்சையும் ஈரம் காயாததுபோல மின்னின. பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் குனிந்தும் முட்டி போட்டும் எடுத்துத் தள்ளினேன்.

திரும்பிப் பார்த்தால் அவர் என் பின்னாலேயே நிற்கிறார். பை கட்டிக் கொடுத்ததைத் தவிர, வாங்கிய நாளிலிருந்து அவர் அந்தக் கேமராவைக் கையால் பிடித்ததில்லை. விழுந்தால் வாரண்டி இல்லையே.

"நான் ஒண்ணு எடுக்கட்டா?" என்றார்.

வாரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சூளை வாயைப் பார்த்து அழுத்தினார். சத்தம் வராததால் எடுத்தாயிற்றா என்று என்னிடமே கேட்டார். படம் கொஞ்சம் சாய்வாக வந்திருந்தது. நெருப்பின் நிறம் இன்னும் போகாத கதவு, பொம்மைத் தட்டை ஏந்திய இரண்டு கைகள், அனலில் நெளியும் காற்று. நான் எடுத்த அத்தனை படங்களையும் பார்த்துவிட்டு, யூனிட் அம்மா முதலில் கேட்டு வாங்கியது அதைத்தான்.

பிளாஸ்டிக் பையை மாட்ட அன்றைக்கு இரண்டு பேருமே மறந்துவிட்டோம். வாசலுக்கு வந்தபோது அவர் சட்டை முழுக்க வெள்ளைத் தூசு. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றித் தரவில்லை. வண்டியை என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் படம் எடுத்துக்கொண்டே வந்தார்.