ஏறும் சாயம், இறங்கும் சாயம்

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் எம்.எஸ்சி. புள்ளியியல் முதல் வருடம் முடித்துவிட்டுக் கோடை விடுமுறைக்குக் காஞ்சிபுரம் வந்திருந்தேன். பெட்டியில் துணி குறைவு, தலைக்கனம் அதிகம். உலகத்தில் நிகழ்தகவுக்கு அடங்காதது எதுவுமே இல்லை என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் சாயப்பட்டறை. அண்ணனும் அண்ணியும் பட்டு நூலுக்குச் சாயம் போடுவார்கள். அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். ஊரில் எத்தனையோ கல்யாணப் பெண்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து அரக்கு நிறப் பட்டு போயிருக்கிறது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியவள் அக்கா. தனக்கும் அந்த அரக்குதான் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு புடவைக்கான நூல் வாங்கி வைத்திருந்தோம். தறிக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் செய்யும் முறை இது. சாயத்தை மூன்று பங்காக்கி, இடையிடையே ஒவ்வொரு பங்காகச் சேர்ப்பார். நூல் கற்றைகளை மூங்கில் கம்பில் மாட்டி, கொதிக்கிற அண்டாவில் மொத்தம் ஏழு முறை முக்குவார். ஒவ்வொரு முறையும் கற்றையின் மேல்பக்கத்தைக் கீழே திருப்பிவிடுவார். எனக்கு இது வெட்டி வேலையாகத் தெரிந்தது. ஒரு நாள், ஒவ்வொரு முக்கு முடிந்ததும் அண்டாத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். புதுப் பங்கு விழும்போது தவிர, ஒவ்வொரு முறையும் நிறம் ஏறக்குறையப் பாதியாகிக்கொண்டே வந்தது. அப்படியென்றால் ஒரு சாயத்துகள் ஒரு முக்கில் பட்டில் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நாலு முக்கில் பதினாறில் ஒரு பங்குதான் தண்ணீரில் மிஞ்சும். பிறகு ஏழு எதற்கு? மூன்று பங்கு எதற்கு? அத்தனை விறகு எதற்கு?

அண்ணன் ஐயம்பேட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன நாளாகப் பார்த்து அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். அக்காவின் நூலுக்கு நானே சாயம் போடுகிறேன் என்றேன்.

"இன்னாம்மா, உங்க அண்ணன் வந்துடட்டுமே."

"கணக்கு போட்டுட்டேன் அண்ணி. தப்பே வராது."

அக்காவும், "செய்யட்டும் அண்ணி, படிச்ச பொண்ணு" என்றாள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சாயம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினேன். நாலே முக்கு. திருப்பவில்லை. தண்ணீரை டம்ளரில் எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்! என் கணக்கு அச்சு அசலாகப் பலித்துவிட்டது. ஒரு குதி குதித்துவிட்டுக் கற்றையை வெளியே எடுத்தேன்.

கீழ்ப்பாதி கறுப்பென்று சொல்லும்படி இருந்தது. மேல்பாதி வெளிறிக் கிடந்தது. முதலில் தண்ணீரைத் தொட்ட பாதியே எல்லாச் சாயத்தையும் குடித்துவிட்டது. சாயம் தண்ணீரை விட்டுப் போகும் என்று என் கணக்கு சொன்னது, போய் எங்கே உட்காரும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்கா கற்றையைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணி மட்டும் அசரவில்லை. புதுத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். "அழுதுக்கினே இருந்தா ஆவுமா? கம்ப புடி. வெறும் தண்ணில கொதிக்க கொதிக்க திருப்பிக்கினே இரு. ஒட்டுன சாயம் அப்டியேவா இருக்கும்? எறங்கும், வேற எடத்துல ஏறும்."

நான் திகைத்துப் போனேன். ஒட்டும் வாய்ப்பை மட்டும் கணக்கில் வைத்தேனே, விட்டுப் போகும் வாய்ப்பு என்று ஒன்று இருப்பது எனக்குத் தோன்றவே இல்லையே! மத்தியானம் முழுக்கத் திருப்பினேன். உள்ளங்கை கொப்புளித்தது. கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, வெளிறல் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் கற்றை முழுக்க ஒரே நிறம். ஆனால் அரக்கு இல்லை. கொஞ்சம் சாயம் தண்ணீரோடு நின்றுவிட்டதால் மாதுளை முத்துப் போல ஒரு சிவப்பு.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னொரு பங்கு சாயம் போட்டா அரக்கு வந்துடும்மா, போட்டுடட்டா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா நூலை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையை விரித்துக் கொப்புளங்களைப் பார்த்தாள்.

"வாணாண்ணா. அரக்குதான் ஊரெல்லாம் கட்டுதே. எனக்கு இதே இருக்கட்டும்."

பின்னாளில், மருந்து உடம்பில் எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று நிகழ்தகவு வைத்துக் கணக்குப் போடுவதே என் பிழைப்பானது. எந்தக் கணக்கானாலும் விட்டுப் போகும் வாய்ப்பைத்தான் முதலில் எழுதுவேன்.

ஆனால் கல்யாணத்தன்று அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. மாதுளைச் சிவப்பில் அக்கா, தாமலுக்குத் திரும்பும் மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், இவள் இனி நம் வீட்டில் இருக்கமாட்டாள் என்பது எனக்கு உறைத்தது. ஒரு மாதமாகப் புடவை நிறத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். தெருவில் நின்று ஓவென்று அழுதேன்.

அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"சீ, அழாதடி. தோ இருக்குது தாமல். வந்துக்கினு போய்க்கினுதானே இருக்கப் போறேன்."